அண்டா கழுவுகிற ஆட்டம்

குருபோங்கில் மரியசெல்வியின் வீட்டுக்குப் பின்னால், குழாயடியை ஒட்டிய சுவரோரம் ஓர் அலுமினிய அண்டா கவிழ்ந்தே கிடக்கும். வருஷத்தில் ஒரு நாள்தான் அது நிமிரும். கிறிஸ்துமஸ் அன்று அதில் பிரியாணி வேகும். வருகிறவர்கள் எல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு, அடிப்பிடித்த அந்த அண்டாவை யார் கழுவுவது என்பதை ஹாலில் நடக்கும் ஒரு பந்தாட்டம் முடிவு செய்யும்.

மைதானத்து ஆட்டம் இல்லை, தொலைக்காட்சித் திரையில் ஓடும் ஆட்டம். ஒரு பக்கம் அவள் கணவர் மிக்கேல்ராஜ். மறுபக்கம் அவருடைய சிறுவயதுக் கூட்டாளி சுகுமாரன். தோற்றவர் கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு குழாயடிக்குப் போக வேண்டும். ஜெயித்தவர் சும்மா இருக்க மாட்டார். கையில் ரோஸ் சிரப் கிளாஸோடு வாசற்படியில் நின்று, "அந்தா, அங்க கருப்பு இருக்கு. ஓரத்த விட்டுட்டியே" என்று சுட்டிக்காட்டிக்கொண்டே இருப்பார். அதுவும் ஆட்டத்தின் சட்டம்தான். தீபாவளிக்கு ரெம்பியாவில் சுகுமாரன் வீட்டு அண்டா, கிறிஸ்துமஸுக்கு இந்த அண்டா. இரண்டு வீட்டுப் பெண்களுக்கும் அந்த இரண்டு நாளும் பெரிய பாத்திரம் கழுவுகிற வேலை கிடையாது.

இந்த வருஷம் சீனப் பெருநாள் முடிந்த கையோடு மிக்கேல்ராஜ் இறந்துபோனார். சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர். எல்லாரும் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் அந்தக் காலை வந்தபோது யாரும் அதற்குத் தயாராக இல்லை.

தீபாவளிக்கு மரியசெல்வி ரெம்பியாவுக்குப் போனாள். போகாமல் இருந்தால் சுகுமாரனின் மனைவி சாந்தி வருத்தப்படுவாள் என்றுதான் போனாள். வீட்டில் எல்லாம் வழக்கம்போல இருந்தது. தொலைக்காட்சிக்குக் கீழே இருந்த விளையாட்டுப் பெட்டிக்கு மட்டும் ஒரு பூத்துணி போர்த்தி, அதன்மேல் பிளாஸ்டிக் ரோஜா வைத்திருந்தது. பின்னால் குழாயடியில் சாந்தியே உட்கார்ந்து அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஏன் கழுவுற?" என்றாள் மரியசெல்வி.

"வேற யாரு கழுவுவாக்கா? ஆட்டம்தான் இல்லியே. எப்படியும் ஒரு ஆளு கழுவித்தான ஆவணும்."

ஹாலில் சுகுமாரன் சோற்றுத் தட்டுக்கு முன்னால் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார். அதில் யாரோ ஒரு பையன் ஏதோ ஒரு விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தான். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார்.

"எவனோ விளையாடறத இவரு உட்கார்ந்து பார்க்கிறாரு" என்றாள் பின்னால் வந்த சாந்தி. "வேல இல்லாதவன் ஆடறான், வேல இருக்கறவரு வேலய விட்டுட்டுப் பார்க்கிறாரு."

"நீ சும்மா இரு லா. கட்டைவிரல் மடங்க மாட்டேங்குது தங்கச்சி, ஊசி போட்டிருக்கு. கண்ணும் பத்தல. இந்த வயசுல பார்க்கிறதோட சரி." சுகுமாரன் விரலை மடக்கிக் காட்டினார். அது பாதி வழியில் நின்றது. "அவனுக்காகத்தான் இத்தன வருஷம் இழுத்துட்டு இருந்தேன். இனிமே யாரோட ஆடறது?"

"கிறிஸ்துமஸுக்கு வருவீங்கல்ல, அண்ணே?"

"வராம? வருவோம், சாப்பிடுவோம். ஆட்டம் மட்டும் வேணாம்."

திரும்பி வரும் வழியெல்லாம் மரியசெல்விக்கு அந்தப் பேச்சு மனதில் உறுத்திக்கொண்டே வந்தது. வருவோம், சாப்பிடுவோம். அப்படி வந்து சாப்பிட்டுப் போகிறவர்கள் அவள் வீட்டுக்கு நிறையப் பேர். கை கழுவி, காகிதப் பையில் முறுக்கு வாங்கிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். சுகுமாரன் அப்படி வந்தவர் இல்லை. அடுப்படி வழியாகப் பின்னால் போய், எந்தக் கொடியில் துணி காய்கிறது, எந்தக் குழாய் ஒழுகுகிறது என்றெல்லாம் தெரிந்தவர். அந்த உரிமையை அவருக்குக் கொடுத்தது அண்டா. ஆட்டம் நின்றால் அவர் விருந்தாளி ஆகிவிடுவார். இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் வாட்ஸப்பில் ஒரு வாழ்த்துப் படம் வரும். பிறகு அதுவும் வராது. சொந்தக்காரர்களுக்கு வெளியே மிக்கேல்ராஜைப் பையனாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவர் போனால் அந்தப் பையனும் போய்விடுவான்.

அலோர்காஜா சாலையில் சிக்னலுக்காக நின்றபோது அவள் முடிவு செய்துவிட்டாள். ஆட்டம் நிற்காது. மிக்கேல்ராஜ் உட்கார்ந்த இடத்தில் அவள் உட்காருவாள்.

மரியசெல்வி விளையாட்டே தெரியாதவள் என்று அந்த வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். அவளும் மறுத்ததில்லை.

அவள் பிறந்தது நியாலாஸ் பக்கத்து எஸ்டேட்டில். ஜாசின் டவுனில் நாணயம் போட்டு ஆடும் விளையாட்டுக் கடை ஒன்று இருந்தது. சனிக்கிழமை சாமான் வாங்கப் போகும்போது அண்ணன் உள்ளே நுழைந்துவிடுவான். பெண்பிள்ளை உள்ளே போகக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. அவள் வெளியே அரிசிப் பையையும் மீன் பையையும் காவல் காத்துக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்ப்பாள். அண்ணன் சிங்கப்பூரில் வேலைக்குப் போன பிறகு ஒருமுறை கைக்கு அடக்கமான ஒரு சின்னக் கருவி வாங்கி வந்தான். மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பித் திருப்பி அடுக்குகிற விளையாட்டு. அண்ணனுக்கு அது ஒரு வாரத்தில் சலித்துவிட்டது. அவளுக்குச் சலிக்கவில்லை. பாட்டரி தீர்ந்தால் சுவர்க் கடிகாரத்து பாட்டரியைக் கழற்றிப் போட்டு ஆடுவாள். வீட்டில் அடிக்கடி மணி நின்றுபோனதற்குக் காரணம் அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது.

பிறகு குருபோங்கில் எலக்ட்ரானிக் தொழிற்சாலை வேலை, ஆஸ்ரமா என்கிற பெண்கள் விடுதியில் வாழ்க்கை. அப்போது எல்லாப் பெண்களிடமும் ஒரே மாதிரிக் கைப்பேசி. அதில் ஒரு பாம்பு இரை தின்று தின்று நீளும். ஓய்வு நேரத்தில் கேண்டீன் மேசையைச் சுற்றி மலாய்ப் பெண்களும் தமிழ்ப் பெண்களும் ஒன்றாகக் குனிந்து கிடப்பார்கள். அந்த வரிசையில் அவள் பாம்பைவிட நீளமாக யார் பாம்பும் வளர்ந்ததில்லை. கல்யாணம் முடிவான பிறகு ஒருநாள் இதை மிக்கேல்ராஜிடம் சொன்னாள். "பாம்பா? அது விளையாட்டா?" என்று சிரித்தார். அதற்கு மேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

மிக்கேல்ராஜின் விளையாட்டு வேறு வகை. பள்ளி நாளில் அலோர்காஜா விளையாட்டுக் கடைகளில் மேசைக்கு மேசை சவால் விட்டு ஆடியவர். ஏர்கோண் பழுது பார்க்கிற வேலை கிடைத்ததும் சுகுமாரனோடு சேர்ந்து பழைய விளையாட்டுப் பெட்டி ஒன்று வாங்கினார். கல்யாணமான புதிதில் சனிக்கிழமை தோறும் இருவரும் ஹாலில் உட்கார்ந்தால் மறுநாள் மாதா கோவில் பூசைக்குத்தான் எழுந்திருப்பார்கள். மகள் கேத்லீன் பிறந்ததும் சனிக்கிழமை மாதத்துக்கு ஒன்றானது. அவள் பள்ளிக்குப் போன பிறகு விடுமுறைக்கு மட்டும் என்றானது. பிறகு இடுப்பு வலி, வேலை, தவணை, பெற்றோருக்கு மருத்துவமனை என்று போய், கடைசியில் தீபாவளி, கிறிஸ்துமஸ் என்ற இரண்டு நாளில் வந்து நின்றது.

"முன்னெல்லாம் விளையாடறதுக்காக உட்காருவோம்லா" என்பார் மிக்கேல்ராஜ். "இப்ப உட்கார்றதுக்காக விளையாடறோம்."

அவருடையது குறையக் குறைய மரியசெல்வியுடையது வளர்ந்தது. கைப்பேசியில் ஒரே நிறக் கற்களை மூன்று மூன்றாக வரிசைப்படுத்தி மறைய வைக்கிற விளையாட்டு. டயாலிசிஸ் நிலையத்தில் காத்திருக்கிற நேரத்தைக் கொல்லத்தான் ஆரம்பித்தாள். மிக்கேல்ராஜ் முதலில் கேலி செய்தார். "பாசார்ல தக்காளி பொறுக்கற மாதிரி இருக்கு." பிறகு ஒருநாள், ஒரு கை இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்க, கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "அந்தச் சிவப்ப எடுக்காத" என்றார். "பொறு. மேலேர்ந்து இன்னொண்ணு வரும்." வந்தது. அன்றிலிருந்து அவள் கைப்பேசியைப் பிடித்துக்கொள்வாள். அவர் இன்னொரு கையின் ஒற்றை விரலால் தள்ளுவார். வாழ்க்கையில் கன்ட்ரோலரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து ஆடிய மனிதர், கடைசி வருஷம் அப்படித்தான் ஆடினார். அவர் விட்டுப்போன கட்டம் இன்னும் அவள் கைப்பேசியில் அப்படியே இருக்கிறது. அவள் அதைத் திறக்கவில்லை.

தீபாவளிக்கு மறுவாரம் ஜோகூரிலிருந்து கேத்லீன் வந்தபோது, "அப்பா விளையாட்டுப் பெட்டிய எப்படிப் போடறது?" என்று கேட்டாள் மரியசெல்வி.

கேத்லீன் தாயை ஒருமுறை பார்த்தாள். காரணம் கேட்கவில்லை. பெட்டியைத் துடைத்து, இணைத்து, அது ஏதேதோ கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, கடைசியில் பழையதை எல்லாம் அழித்துப் புதிதுபோல ஆக்கிக் கொடுத்தாள். "நானே இப்ப விளையாடறது இல்ல மம்மி. பஸ்ல போகும்போது போன்ல கொஞ்சம், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு மரியசெல்வியின் மாலைகள் மாறின. காலை ஷிப்ட் முடிந்து வந்ததும் குளிப்பாள், தேநீர் போடுவாள், ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடுவாள். புருஷன் போன வருஷம் திரும்புவதற்குள் பொம்பளை கேம் ஆடுகிறாள் என்று தாமான் குடியிருப்பில் பேச்சு கிளம்ப வேண்டாம் என்றுதான். பிறகு மிக்கேல்ராஜ் உட்காரும் சோபாவின் இடது ஓரத்தில் உட்கார்ந்து, அவருடைய கறுப்புக் கன்ட்ரோலரை எடுப்பாள். இரண்டு பக்கமும் அவர் உள்ளங்கை பட்டுப்பட்டு வழவழவென்று தேய்ந்திருந்தது.

முதல் சில நாள் பந்து அவள் சொன்ன பேச்சைக் கேட்கவே இல்லை. பந்தை அடிக்கும்போது கன்ட்ரோலரைச் சேர்த்து மேலே தூக்கினாள். ஆட்டக்காரன் திரும்பினால் அவளும் சோபாவில் திரும்பினாள். தேநீர் ஆறிப்போனது. ஆனால் அவள் தொழிற்சாலையில் லைன் லீடர். புது மாடல் வரும்போதெல்லாம் புதுப் பெண்களுக்கு அவள் சொல்கிற முதல் வார்த்தை, கையைப் பார்க்காதே, பொருளைப் பார் என்பது. அதையே தனக்கும் சொல்லிக்கொண்டாள். குறுக்குக் குறி போட்ட பொத்தான் பந்தைக் கூட்டாளியிடம் தள்ளும். சதுரம் கோலுக்கு அடிக்கும். வட்டம் உயரத் தூக்கும். பத்துப் பதினைந்து நாளில் விரல்கள் தாமாகவே அதைச் செய்தன. டிசம்பர் பிறந்தபோது கம்ப்யூட்டர் எதிராளியை அவள் தோற்கடிக்க ஆரம்பித்திருந்தாள். அவர் எப்போதும் எடுக்கும் சிவப்புச் சட்டை அணியைத்தான் அவளும் எடுத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு அண்டா ஏறப்போகிறது என்று தெரிந்ததும் மிக்கேல்ராஜின் அக்கா பிலோமினா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி செத்து ஒரு வருஷம் ஆவல. ஊரக் கூட்டிச் சோறு போடப் போறியா?"

"ஸ்டார் கட்ட மாட்டேன் அண்ணி. புதுத்துணி எடுக்கல. பாட்டு இல்ல. சோறு மட்டும் போடுவேன். அவரு வீட்டுக்கு வந்து பழகினவங்க இந்த வருஷமும் வரட்டும்."

"சரி, சோறு. அந்தக் கூத்து? அண்டா கூத்து?"

"அதுவும் உண்டு."

"யாரு ஆடறது?"

"நான்."

பிலோமினா தணிந்த குரலில் கேட்டார். "பிரஷர் மாத்திரைய ஒழுங்காப் போடறியாம்மா?"

சுகுமாரனிடம் அவள் அதிகம் பேசவில்லை. "அண்ணே, வரும்போது உங்க கன்ட்ரோலர எடுத்துட்டு வாங்க" என்றாள்.

"எதுக்கு தங்கச்சி? அதான் வேணாம்னு சொன்னேனே. அப்படியே யாராச்சும் பையன் கேட்டாலும், மிக்கேலோடது அங்க இருக்குமே."

"அது என் கையில இருக்கும்."

அவர் பதில் சொல்வதற்குள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

கிறிஸ்துமஸ் அன்று வாசலில் நட்சத்திர விளக்கு இல்லாதது வருகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் பிரியாணி வாசம் தெரு முனை வரை போயிற்று. தொழிற்சாலைப் பெண்கள், கோவில் ஆட்கள், மிக்கேல்ராஜ் ஏர்கோண் பழுது பார்த்துக் கொடுத்த சீனக் கடைக்காரர் ஒருவர் என்று வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். மூன்று மணிக்குமேல் கூட்டம் வடிந்த நேரத்தில் சுகுமாரனும் சாந்தியும் வந்தார்கள். அவர் கையில் அந்தப் பழைய துணிப் பை இருந்தது. எடுத்து வருவதா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்தவர் போல அதைத் தொடைக்குப் பின்னால் மறைத்துப் பிடித்திருந்தார்.

"வர்ற வழியெல்லாம் புலம்பல்" என்றாள் சாந்தி. "பொம்பளப்புள்ளய எப்படி ஜெயிக்கறது, எப்படித் தோக்கறதுன்னு."

"ரெண்டுல ஒண்ணு செஞ்சுதான ஆவணும்" என்றாள் மரியசெல்வி. "முதல்ல சாப்பிடுங்க."

சாப்பிட்டு முடிந்தது. லீவில் வந்திருந்த கேத்லீன் பெட்டியைப் போட்டாள். பிலோமினா கையைக் கட்டிக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றார். மரியசெல்வி சோபாவின் இடது ஓரத்தில் உட்கார்ந்தாள். சுகுமாரன் வலது ஓரத்தில், தன் பழைய இடத்தில், மெதுவாக உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் விரல்கள் பழக்கப்பட்ட வேகத்தில் திரையில் எங்கேயோ நுழைந்து எதையோ மாற்றின. சத்தத்தைக் குறைக்கிறார் என்று அவள் நினைத்தாள்.

ஆட்டம் தொடங்கியது. அவள் பந்தை எடுத்தாள், தள்ளினாள், வாங்கினாள். "பாருடா" என்றாள் சாந்தி. சிவப்புச் சட்டைக்காரன் கோல் வாசல்வரை போய்விட்டான். எதிரே கோல் காவலாளி மட்டும். மரியசெல்வி சதுரத்தை அழுத்தினாள். பந்து கோலுக்குப் போகவில்லை. செங்குத்தாக எழும்பிப் பக்கவாட்டில் பறந்து வெளியே போய் விழுந்தது.

தற்செயல் என்று நினைத்தாள். மறுபடி வாய்ப்பு வந்தது. மறுபடி சதுரம். மறுபடி பந்து வானத்துக்குப் போனது. சாந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தத் தடுமாற்றத்தில் சுகுமாரன் பந்தை எடுத்துக்கொண்டு போய் ஒரு கோல் போட்டுவிட்டார்.

மரியசெல்வி ஆட்டத்தை நிறுத்தினாள். "என்னா மாத்துனீங்க, அண்ணே?"

"ஒண்ணும் மாத்தல. பட்டன்தான். எஸ்டேட் பட்டன்."

"அது என்னா எஸ்டேட் பட்டன்?"

சுகுமாரன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "தெரியாதா? முதல்ல வாங்கினோம்ல பெட்டி, அதுல எங்க எஸ்டேட் வீட்டுல வச்சு என் தம்பி மைலோவக் கொட்டிட்டான். ஒரு கன்ட்ரோலர்ல சதுரம் செத்துப்போச்சு. செத்த பட்டன வச்சு எப்படி கோல் அடிக்கறது? அதனால கோலுக்கு வட்டம், தூக்கறதுக்குச் சதுரம்னு மாத்தினோம். ஒருத்தனுக்கு மட்டும் மாத்தினா நியாயமில்லன்னு மிக்கேல் தன்னோடதையும் மாத்திட்டான். அப்பறம் எத்தன பெட்டி வந்தாலும் எங்களுக்கு அதான். இதுலயும் அப்படித்தான் இருந்துச்சு, இன்னிக்குப் பார்த்தா புதுசா கெடக்கு."

"ஐயோ மம்மி" என்றாள் கேத்லீன். "நான்தான் எல்லாத்தையும் அழிச்சேன்."

"இத்தன வருஷமா இங்கதான ஆடறோம், நீ பார்த்ததே இல்லியா தங்கச்சி?"

அவள் பார்த்ததுண்டு. அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடந்தபடி, அவர்களுடைய இரண்டு முதுகுகளையும் அவற்றுக்கு அப்பால் திரையையும் பார்த்திருக்கிறாள். கட்டைவிரல்களைப் பார்த்ததில்லை.

"பரவால்ல, நீ கத்துக்கிட்டபடியே வச்சுடறேன். ஒரு நிமிஷம்."

"வேணாம்" என்றாள் மரியசெல்வி. "அவரு எதுல ஆடுனாரோ அதுலயே ஆடறேன்."

ஆட்டம் தொடர்ந்தது. ஆனால் இப்போது என்னவோ நடந்தது. சுகுமாரனின் ஆட்டக்காரர்கள் சட்டென்று சோம்பேறிகள் ஆனார்கள். அவள் பந்தோடு போனபோது ஒருவன் வழிவிட்டான். இன்னொருவன் நின்ற இடத்திலேயே நின்றான். கோல் காவலாளி காரணமே இல்லாமல் கோலை விட்டு வெகுதூரம் ஓடி வந்தான். அவள் கண்முன்னே கோல் கதவைத் திறந்து வைத்த வீடு மாதிரி இருந்தது. தொழிற்சாலையில் தானாக விழுந்த கீறலையும் யாரோ போட்ட கீறலையும் பார்த்த உடனே பிரித்துச் சொல்லக்கூடியவள் அவள். பந்தை அங்கேயே நிறுத்தினாள். ஆட்டத்தையும் நிறுத்தினாள்.

"உங்க கோல்கீப்பர் எங்க போறாரு, அண்ணே?"

"அது... கொஞ்சம் வேகமா வந்துட்டாரு."

"சொந்தக்காரங்களப் பார்க்கப் போறாரா?"

எல்லாரும் சிரித்தார்கள். பிலோமினாகூட. மரியசெல்வி சிரிக்கவில்லை. கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளு அவருக்கு டயாலிசிஸ். மறுநாள் இங்கதான் உட்கார்ந்தாரு. கை நடுங்கிச்சு. நீங்க விட்டுக் குடுத்தீங்களா?"

"இல்ல" என்றார் சுகுமாரன். "அஞ்சு கோல் போட்டேன். நாற்காலி போட்டு உட்கார்ந்து அண்டா கழுவினான். முடிக்கறவரைக்கும் என்னத் திட்டினான்."

"அன்னிக்கு ராத்திரி எவ்வளவு நல்லாத் தூங்கினாரு தெரியுமா? அப்ப எனக்கும் போடுங்க. பாவம் பார்த்து ஆடறதா இருந்தா இது நீங்க சாப்ட்டுட்டுப் போற வீடாயிடும். எனக்கு அது வேணாம்."

சுகுமாரன் நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கிக் கண்ணுக்குப் போட்டார். கட்டைவிரலை இழுத்துச் சொடுக்கினார். வலியில் முகம் ஒரு கணம் சுருங்கியது. "சரி, தங்கச்சி" என்றார். குரல் மாறியிருந்தது. "அழக் கூடாது."

"ஆடுங்க."

அதன் பிறகு நடந்ததுதான் ஆட்டம். வருஷத்தில் இரண்டு முறை மட்டும் ஆடுகிற கை என்றாலும் அந்தக் கைக்கு வயதுக்கு மிஞ்சிய நினைவு இருந்தது. அவர் ஓடவில்லை. ஓட முடியாத விரலை வைத்துக்கொண்டு, அவள் எங்கே வருவாள் என்று பார்த்து அங்கே முன்னதாகவே நின்றார். இரண்டாவது கோல் விழுந்தது. "சாந்தி, எனக்கு சிரப் ஊத்தி வை" என்றார். மூன்றாவதும் விழுந்தது. "ஐஸ் போட்டு."

"நீங்க ஊத்திக்குங்க. நான் அக்கா கட்சி" என்றாள் சாந்தி.

கோலருகில் மரியசெல்வியின் விரல் தானாகச் சதுரத்துக்குத்தான் ஓடியது. அதை இப்போது மாற்ற முடியாது. ஒரு பழக்கம் ஏறுவதற்கு எத்தனை நாள் ஆனது என்று அவளுக்குத் தெரியும். இறங்குவதற்கும் அவ்வளவு ஆகும். அப்படியென்றால் கோலுக்கு அடிக்கிற பொத்தானே வேண்டாம். குறுக்குக் குறி மட்டும் மாறவில்லை. தள்ளிவிடுவதற்கு அது போதும்.

அவள் பந்தைத் தள்ளினாள். அவசரப்படவில்லை. ஒருவனிடமிருந்து இன்னொருவனுக்கு, அவனிடமிருந்து பின்னால் நிற்பவனுக்கு. "எங்கம்மா போற, கோல் அந்தப் பக்கம்" என்றார் பிலோமினா, கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டு. மரியசெல்வி திரையில் ஆட்களைப் பார்க்கவில்லை, நிறத்தைப் பார்த்தாள். சிவப்பு இரண்டு இருந்தது. இன்னொன்று வர வேண்டும். அந்தச் சிவப்ப எடுக்காத. பொறு. மேலேர்ந்து இன்னொண்ணு வரும். மூன்றாவது சிவப்புச் சட்டை மெல்ல ஓடி வந்து வரிசையில் சேர்ந்தது. அவள் தள்ளினாள், மறுபடி தள்ளினாள். காவலாளி முதல் ஆளின் பக்கம் சாய்ந்தபோது பந்து கடைசி ஆளின் காலுக்குப் போயிருந்தது. அவன் அடிக்கவில்லை. உதைக்காமல், வீட்டுக்குள் நடந்து போகிறவன் மாதிரி, பந்தோடு கோலுக்குள் நடந்து போனான்.

சாந்தி கை தட்டினாள். கேத்லீன் தாயின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். சுகுமாரன் திரையை உற்றுப் பார்த்தார். "இது யாரு சொல்லிக் குடுத்தது?"

"உங்க கூட்டாளிதான்."

அத்தோடு சரி. மூன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் முடிந்தது. மரியசெல்வி தோற்றாள்.

சுகுமாரன் கன்ட்ரோலரை வைத்துவிட்டுக் கட்டைவிரலைத் தேய்த்தார்.

"வலிக்குதா, அண்ணே?"

"வலிக்குது" என்றார். "நல்லா வலிக்குது." சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

அவள் குழாயடிக்குப் போனபோது அவர் முந்திக்கொண்டு அண்டாவின் விளிம்பைப் பிடித்தார். அவள் அவர் கையைப் பார்த்தாள். "தோத்தது யாரு?" என்றாள். அவர் கையை எடுத்தார்.

தண்ணீரைத் திறந்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் தேய்க்க ஆரம்பித்தாள். அடியில் பிரியாணி நன்றாகவே பிடித்திருந்தது. சாந்தி ஐஸ் போட்ட சிரப்பைக் கொண்டுவந்து கணவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். சுகுமாரன் கிளாஸோடு வாசற்படியில் நின்றார். குடிக்கவில்லை. என்ன செய்வது என்று தெரியாதவர் போல நின்றுகொண்டே இருந்தார். அண்டாவுக்குள் தேங்காய் நார் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்த ஓரத்துல" என்றார். "கருப்பு இருக்கு தங்கச்சி."

"எங்க?"

"இந்தாண்ட. கைப்பிடிக்குக் கீழ. அவனும் எப்பவும் அந்த எடத்தத்தான் விட்டுருவான்."

அவள் அந்த இடத்தை அழுத்தித் தேய்த்தாள். அது போயிற்று. "தீபாவளிக்கு உங்க வீட்டுல அண்டாவ நல்லா அடிப்பிடிக்க விடச் சொல்லுங்க, சாந்திகிட்ட."

"ஏன்?"

"நீங்க கழுவணும்ல."

சுகுமாரன் சிரப்பை ஒரு வாய் குடித்தார். "பார்ப்போம் லா" என்றார். "பெட்டிமேல பூ வச்சிருக்கா. எடுக்கச் சொல்றேன்." கொஞ்சம் பொறுத்து, "இந்தக் குழாய் ஒழுகுது, வாஷர் போயிருக்கும். ஞாயித்துக்கெழம வந்து மாத்தித் தர்றேன்" என்றார்.

விடுமுறை முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், காலை ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, தேநீர் போட்டுக்கொண்டு, மரியசெல்வி சோபாவின் இடது ஓரத்தில் உட்கார்ந்தாள். திரைச்சீலையை மூடவில்லை. எஸ்டேட் பட்டனையும் மாற்றவில்லை. கம்ப்யூட்டர் எதிராளியை எதிரே நிறுத்தி, பந்தை எடுத்துக்கொண்டு கோல்வரை போனாள். விரல் சதுரத்துக்கு ஓடியது. பந்து வானத்துக்குப் பறந்தது. அவள் தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, மறுபடி பந்தை எடுத்தாள்.